குழியில் தொடங்கிய தவம்

அய்யா உண்டு.



குமரி, நெல்லை, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்டு, சேலம், நாமக்கல் சமவெளியில் மளிகைக்கடையும் பாத்திரக்கடையும் வைத்துக் குடியேறிய அன்பர்கள் பலர். ஊரில் என்றால் நிழல்தாங்கல் கூப்பிடு தூரத்தில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டு, யாராவது ஒருவர் வீட்டில் கூடி, கண்ணாடி வைத்து, திருவிளக்கேற்றி, உச்சிப்படிப்பு படித்துவிட்டுக் கலைவார்கள். இனிமம் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்காரும் அந்த அரைமணி நேரத்தில் முன்பெல்லாம் ஊர்க்கதை ஓடும். இப்போது எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். பிள்ளைகளின் படிப்பு.

அதில் வியப்பு இல்லை. 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லை வெளியூர்க்காரர்கள் முட்டைக்கும் லாரிக்கும் அறிந்திருந்தார்கள்; திருச்செங்கோட்டை ஆழ்துளை போடும் ரிக் வண்டிக்கு அறிந்திருந்தார்கள். பிறகு விடுதிப் பள்ளிகள் வந்தன. பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளெல்லாம் மாநிலத்தில் முதலிடம், இரண்டாம் இடம் என்று நாமக்கல் பெயர் அடிபட்டது. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் தகரப்பெட்டியும் மெத்தையும் சுமந்துகொண்டு பெற்றோர்கள் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் நடத்தும் வழக்கமும் அந்தப் போட்டியில்தான் வேரூன்றியது. 'பிராய்லர் பள்ளி' என்று ஊர் கேலி செய்தது. (நாமக்கல்லில் அதிகம் இருப்பது முட்டைக்கோழி, பிராய்லர் அல்ல. அது போகட்டும்.) 2017-இல் அரசு மாநில இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டில் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு வந்தது. பலகையில் எழுதியிருந்த எண் மாறியது. பிள்ளையின் தலைமேல் இருந்த மூட்டை மாறவில்லை.

720 மதிப்பெண். இயற்பியலில் 45 கேள்வி, வேதியியலில் 45, உயிரியலில் 90. 2024-இல் நாடு முழுவதும் சுமார் 24 லட்சம் பேர் அந்தத் தேர்வுக்குப் பதிந்தார்கள். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இருபது பேரில் ஒருவருக்கு இடம் என்றுகூடச் சொல்ல முடியாது. இந்தக் கணக்கு தெரியாமல் பிள்ளைகள் படிக்கவில்லை. நன்றாகத் தெரிந்துதான் படிக்கிறார்கள். அதனால்தான் நெஞ்சு அடைக்கிறது.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா மளிகைக்கடை. அம்மா கடையிலும் அடுப்படியிலும் பாதிப் பாதி. ஒரே மகள். முதல் முறை எழுதி இடம் கிடைக்காமல், இரண்டாம் முறைக்கென்று விடுதியோடு சேர்ந்த பயிற்சி மையத்தில் சேர்த்திருக்கிறார்கள். பணத்துக்கு நகை அடகில் இருக்கிறது. வாரம் ஒருநாள், ஞாயிறு மாலை, பத்து நிமிடம் போனில் பேசலாம். போன வாரத்துப் பரிட்சையில் எத்தனை என்றுதான் அம்மா முதலில் கேட்பாள். மகள் ஒரு எண் சொல்வாள். அந்த எண்ணை வைத்து மீதி ஒன்பது நிமிடம் போகும். ஒரு ஞாயிறு அவள் எண் சொல்லவில்லை.

"அம்மா, எனக்கு மூச்சு முட்டுதும்மா. புத்தகத்தத் திறந்தா எங்க தொடங்கணும்னே தெரியல. எல்லாமே பாக்கி கிடக்கு."

அம்மா பதறிப்போனாள். பதற்றத்தில் வந்த வார்த்தை, "இவ்வளவு செலவு பண்ணியிருக்கோமே மக்களே" என்பதுதான். மறுமுனையில் பேச்சு இல்லை. நேரம் முடிந்து போன் அணைந்தது.

இந்த அம்மாவைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனாலும் இதை இலேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2021 செப்டம்பரில், இதே சேலம் மாவட்டத்தில், தேர்வு நடக்கவிருந்த நாளன்றே ஒரு வீடு தன் பிள்ளையை இழந்தது. அந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. அவ்வளவையும் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டிருந்தான்.

அப்படியானால் பெரிதாக எதற்கும் ஆசைப்படாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாமா? மற்றவர்கள் சொல்லலாம். அய்யாவின் மக்கள் அப்படிச் சொல்லுவது அழகல்ல. தலைப்பாகை கட்டக்கூடாது, மேலாடை உடுத்தக்கூடாது, இந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்று ஒடுக்கிவைக்கப்பட்ட மக்களுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டவர் அய்யா. பணிவிடைக்கு நிற்கும் ஆண்மக்கள் இன்றும் தலைப்பாகையோடு நிற்பது அந்த நினைவால்தான். அப்படி நிமிர்ந்த குலத்தின் பேத்தி டாக்டராக வேண்டும் என்று நினைப்பதில் தவறு எங்கே இருக்கிறது? தவிரவும், அய்யா எடுத்துக்கொண்ட காரியத்தைவிடப் பெரிய காரியத்தை யார் எடுத்தார்கள்? கலியை முடித்துத் தர்மயுகம் காண்பது. அதைக் கேட்ட அன்றைய திருவிதாங்கூர் சிரித்திருக்கும்.

அவ்வளவு பெரிய காரியத்தை அய்யா எப்படித் தொடங்கினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20. ஆங்கிலக் கணக்கில் 1833. திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் எழுந்தருளிய அய்யா, பூவண்டன்தோப்பு வந்து, இன்று சாமித்தோப்பில் வடக்கு வாசல் என்று கும்பிடுகிற இடத்தில் தவம் இருந்தார்கள். ஆறு வருடம். அதை ஒரே மூச்சாக இருக்கவில்லை; மூன்றாக வகுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு வருடம் ஆறடி ஆழக் குழியில். அடுத்த இரண்டு வருடம் சமதரையில். கடைசி இரண்டு வருடம் மேட்டில். முதல் தவம் யுகத்துக்காக, இரண்டாவது சாதிக்காக, மூன்றாவது பெண்மக்களுக்காகவும் முன்னோர்க்காகவும் என்று நோக்கத்தையும் பிரித்தே வைத்தார்கள். நாராயணரின் மகனாய் வந்தவருக்கு ஒரு நொடியில் எல்லாம் ஆகாதா? ஆகியிருக்கும். ஆனாலும் குழியில் இருந்த இரண்டு வருடத்தில் மேட்டின் தவத்தைத் தொடவில்லை.

குழியில் இருப்பவருக்கு வானம் ஒரு சிறு வட்டமாகத்தான் தெரியும். நாட்டில் என்ன நடக்கிறது, யார் ஏளனம் பேசுகிறார்கள், யார் முந்திப் போகிறார்கள், ஒன்றும் தெரியாது. விடுதி அறையில் மூச்சு முட்ட உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன்னைத் தோற்றவள் என்று நினைக்கிறாள். தவத்தின் முதல் கட்டமும் குழியில்தான் நடந்தது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கும் முன்னால் போனால், ஏடு வாசிப்பில் கேட்டுக் கேட்டுப் பழகிய குறோணியின் கதை இருக்கிறது. பசி, பசி என்று கடல் நீரையெல்லாம் குடித்தவன் குறோணி. அதுவும் போதாமல் கயிலையையே விழுங்கினவன். மாயோன் உடனே ஆயுதத்தோடு பாய்ந்துவிடவில்லை. தவமிருந்து, ஈசனிடம் வரம் பெற்று, அதன்பிறகே வந்தார். வந்து, அவனை ஆறு துண்டாக்கினார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் ஒவ்வொரு பெயரோடு பிறந்தது. இராவணனாக ஒரு யுகத்தில், துரியோதனனாக ஒரு யுகத்தில். அந்தந்தத் துண்டை அந்தந்த யுகத்தில் பார்த்துக்கொண்டார். திரேதாயுகத்தில் துரியோதனனைத் தேடிப் போகவில்லை.

கடைசித் துண்டு கலியன். இவனுக்கு வெட்டி வீழ்த்துகிற உடம்பு இல்லை. மனசுக்குள் மாயையாக இருக்கிறான். வாளும் வில்லும் அவனிடம் செல்லாது. அதனால்தான் அய்யா ஆயுதமில்லாத பண்டாரமாக வந்தார்கள். இந்தக் கலி ஒரு படிக்கிற பிள்ளையிடம் எப்படிப் பேசும்? கெட்டதைச் செய் என்று பேசாது. "பக்கத்துப் பெஞ்சுக்காரி முடித்துவிட்டாள், நீ இன்னும் முடிக்கவில்லை" என்று பேசும். "எல்லாவற்றையும் இப்போதே படி" என்று பேசும். பெற்றவர்களிடம், "அண்ணன் மகன் வாங்கிவிட்டான், உன் மகள்?" என்று பேசும். மாயை நல்ல வேடத்தில் வரும்போது அடையாளம் காண்பது கடினம்.

அந்த அம்மாவுக்கு வருவோம். அடுத்த ஞாயிறு பணிவிடை முடிந்ததும் ஓரமாக நின்று அழுதாள். அங்கே பணிவிடை செய்யும் பெரியவர், குமரிக்காரர், முப்பது வருடமாகத் திருச்செங்கோட்டில் கடை நடத்துகிறவர், விஷயத்தைக் கேட்டார்.

"புள்ளய போய்ப் பாத்தியா?"

"போன்ல பேசினேன் மாமா."

"போன்ல பேசினது போதும். நாளைக்குப் போவோம்."

மறுநாள் அனுமதி கேட்டு இருவரும் போனார்கள். பெண் இளைத்திருந்தாள். பாட்டா என்று கூப்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் மதிப்பெண் கேட்கவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை. திருநாமப் பொட்டலத்தை எடுத்து அவள் நெற்றியில் இட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்.

"மக்களே, உங்க தெருவுல ரிக் வண்டி ஓட்டுகாவ்லா, அவங்க ஆயிரம் அடி போர் எப்பிடிப் போடுகாங்கன்னு பாத்திருக்கியா?"

திருச்செங்கோட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாமலா? இருபது அடி ராடு ஒன்று இறங்கும். அது முழுக்க இறங்கின பிறகு கழற்றி, அதன் தலையில் அடுத்த ராடை மாட்டுவார்கள். ஆயிரம் அடிக்கு ஐம்பது ராடு.

"ஐம்பதையும் ஒண்ணா மாட்டினா?"

அவள் சிரித்துவிட்டாள். "வண்டியே சாஞ்சிரும் பாட்டா."

பிறகு பையிலிருந்து நோட்டு எடுத்து, பாக்கி கிடப்பதையெல்லாம் எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் அவளே கொஞ்சம் நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் இருந்தபோது அதற்கு முடிவே இல்லாமல் இருந்தது; தாளில் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. "இதுல இன்னைக்குள்ள ராடு எது?" என்று கேட்டார். வேதியியலில் ஒரு பாடத்தைக் காட்டினாள். மற்றதையெல்லாம் ஒரு தாளால் மூடிவைக்கச் சொன்னார்.

"தண்ணி வரலன்னா பாட்டா?" என்று கடைசியாகக் கேட்டாள். அதுதான் அவள் உண்மையில் கேட்க நினைத்திருந்த கேள்வி.

பெரியவர் வரும் என்று பொய் சொல்லவில்லை. இந்தச் சீமையில் ஆயிரம் அடி போட்டும் புகையாக வந்த போர்கள் எத்தனையோ உண்டு. "வரலன்னா ராடக் கழத்திட்டு அடுத்த பாயிண்டுக்குப் போவாங்க மக்களே. நெலத்த யாரும் அடிக்கமாட்டாங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நகை அடகில் இருக்கிறது என்பதை மகளுக்குச் சொன்னதே தான்தான் என்று அவளுக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும்.

பெற்றவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அய்யா காணிக்கையும் கைக்கூலியும் விலக்கினவர். இவ்வளவு தருகிறேன், இதைத் தா என்று அவரிடம் பேரம் பேச முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதே பேரத்தைப் பிள்ளையிடம் பேசுகிறோம் என்பது தெரிவதில்லை. இத்தனை லட்சம் கட்டினோம், இத்தனை மார்க் கொடு என்பதும் காணிக்கை வைத்து வரம் கேட்பதுதான். கொடுத்ததைத் தர்மமாகக் கொடுத்திருந்தால் கணக்கு கேட்க வேண்டியதில்லை.

துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். சுமார் எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதியில் கூடின. பிறகு முட்டப்பதிக்கு வந்தன. கடற்கரையில் கடுமையான வாழ்க்கை. நாளுக்கு மூன்று வேளை துவைத்துக் குளிப்பது, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கின சாப்பாடு, குறைந்த உறக்கம். விடுதிப் பிள்ளையின் நாளைவிடக் கடினமானது. ஆனாலும் அந்த மக்கள் எப்படித் தாங்கினார்கள்? ஒருத்தர் துவைக்கும்போது எழுநூறு வீடும் துவைத்தது. ஒருத்தர் பசித்தபோது எல்லோரும் பசித்திருந்தார்கள். யார் முதலில் துவைத்தார்கள் என்று பலகையில் எழுதிப் போடவில்லை. பயிற்சி மையத்தில் அதே நெருக்கம் இருக்கிறது. ஒரு அறையில் பத்துப் பேர் படுக்கிறார்கள். ஆனால் பக்கத்துப் படுக்கையில் இருப்பவளைப் போட்டியாக நினைக்கும்படி பழக்கிவிட்டதால், பத்துப் பேரும் தனித்தனியாகத் தனியாக இருக்கிறார்கள். புரியாத கணக்கை அடுத்தவளிடம் கேட்பதும், தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதும் அங்கே செய்யக்கூடிய தர்மம். அதற்கு ஐந்து பைசா செலவில்லை.

நாளுக்கு உகப்படிப்பு, உச்சிப்படிப்பு என்று நேரம் வகுத்ததிலும் ஒரு கருணை இருக்கிறது. எந்த வேலையில் இருந்தாலும் அந்த நேரத்தில் கையை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். விடுதியில் உரக்கப் படிக்க முடியாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம் கண்ணை மூடி, 'அய்யா சிவசிவா' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை. முகம் கழுவும் இடத்தில் கண்ணாடி இருக்கும். பதியில் சிலை வைக்காமல் அய்யா ஏன் கண்ணாடி வைக்கச் சொன்னார்கள் என்று குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே. நெற்றியில் ஒற்றை நாமத்தோடு தன் முகத்தைப் பார்க்கும்போது, அங்கே போன வாரத்து மதிப்பெண் எழுதியிருக்காது.

இன்னொன்றையும் வெட்கமில்லாமல் சொல்ல வேண்டும். உறக்கம் போய், சோறு இறங்காமல், வாழ்ந்து என்ன பயன் என்று ஒரு பிள்ளை வாய்விட்டோ விடாமலோ சொன்னால், அது பாரம் மனசைத் தாண்டி உடம்பையும் அழுத்தத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி. விளக்கின் முன் நின்று அய்யாவிடம் முறையிடுவதோடு, அன்றைக்கே மருத்துவரிடமும் அழைத்துப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், நாடு முழுவதும் 14416 என்ற எண்ணிலும் கட்டணமில்லாமல் இரவிலும் பேசலாம். பிள்ளையின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மருத்துவரிடம் போவது அய்யாமேல் நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். முத்துக்குட்டி என்ற அந்த மேனி நோயில் கிடந்தபோது, வெயிலாள் அம்மையும் உறவுகளும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்துதான் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். நடக்க முடியாத நாளில் சுமக்கப்படுவது குறைவு என்றால் அந்தப் பயணமே நடந்திருக்காது.

சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் இருந்தபோதும் அய்யா அவசரப்படவில்லை. சொந்தச் சாதியாரோடு மட்டும் இருந்துகொள் என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் முன்பே வெளியே வந்திருக்கலாம். கொண்ட காரியத்தையும் சிறிதாக்கவில்லை. நாளையும் எண்ணி மாய்ந்துபோகவில்லை.

அடுத்த ஞாயிறு மாலை போன் வந்தது. கடையில் கூட்டம். அம்மா தராசை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். மதிப்பெண் நாக்கு நுனி வரை வந்திருக்கும்.

"மத்தியானம் என்ன மக்களே சாப்பாடு?"

"சாம்பார் சாதம்மா. முருங்கக்காயே இல்ல. வெறும் கத்திரிக்கா."

பத்து நிமிடமும் அந்தச் சாம்பாரைப் பற்றியே போனது. வைக்கும்முன் மகள் தானாகச் சொன்னாள், பன்னிரண்டாவது ராடு இறங்குகிறது என்று.

அய்யா உண்டு.